தாங்குதிறன் விளையாட்டும் உளநலமும்

தாங்குதிறன் விளையாட்டு என்பது உடலை நீண்ட நேரம் இடைவிடாது இயக்கிச் செய்யும் விளையாட்டுகளைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். நெடுந்தொலைவு ஓட்டம், மாரத்தான் (ஈழ வழக்கில் மரதன்), நெடுந்தொலைவு நீச்சல், மிதிவண்டிப் போட்டி, நெடும்பனிச்சறுக்கு, இவற்றுள் மூன்றை ஒன்றாக்கிய டிரையத்லான் முதலியன இதில் அடங்கும். இவ்விளையாட்டுகளுக்கும் உளநலத்துக்கும் உள்ள தொடர்பு 1970கள் முதல் ஆராயப்பட்டு வருகிறது. மிதமான அளவில் தொடர்ந்து செய்யப்படும் ஓட்டம் உளச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. ஆனால் மிகைப் பயிற்சி மனநிலையைக் கெடுக்கக் கூடியது. மேலும், கடுமையாகப் பயிற்சி செய்யும் ஒருவரின் ஒழுங்கும் விடாமுயற்சியும் அவருக்குள் இருக்கும் நோயைப் பிறர் கண்ணிலிருந்தும் அவர் கண்ணிலிருந்தும் மறைத்துவிடுவதுண்டு. உலகச் சாதனையாளர் சிலரின் வாழ்க்கையில் இது வெளிப்படையாகத் தெரிந்துள்ளது.

வரலாறு

அமெரிக்காவில் 1970களில் பொழுதுபோக்கு ஓட்டம் பெரும் இயக்கமாகப் பரவியது. அக்காலத்தில் உளமருத்துவர் சிலர் தம் நோயாளிகளை ஓட வைத்துப் பார்த்தனர். கலிபோர்னியாவைச் சேர்ந்த உளமருத்துவர் தாடியசு கோசுட்ருபாலா 1976 இல் ஓட்டத்தின் மகிழ்ச்சி பற்றி ஒரு நூலை வெளியிட்டார். விசுகான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் கிரெய்சுட்டும் அவருடன் பணியாற்றியோரும் ஓட்டத்தை உளச்சோர்வுக்கான சிகிச்சையாகச் சோதித்து, முடிவுகளை 1979 இல் வெளியிட்டனர். நோயாளிகளின் எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்ததால் அம்முடிவுகளைக் கொண்டு எதையும் உறுதியாகக் கூற இயலவில்லை. எனினும் பின்வந்த ஆய்வுகளுக்கு அது வழி திறந்தது.

இதே ஆண்டுகளில் எதிர்க்குரலும் எழுந்தது. உளமருத்துவர் வில்லியம் கிளாசர் 1976 இல் ஓட்டத்தை "நல்ல அடிமைத்தனம்" எனப் பாராட்டினார். மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் விளையாட்டு உளவியலாளர் வில்லியம் மார்கன், ஓட்டத்துக்குத் தீய அடிமைத்தனமும் உண்டு என எழுதினார். காலில் காயம் ஏற்பட்டும், குடும்பமும் வேலையும் பாதிக்கப்பட்டும் ஓட்டத்தை நிறுத்த இயலாதவர்களை அவர் எடுத்துக்காட்டினார். இவ்விரு நிலைப்பாடுகளும் இன்றுவரை இத்துறையில் அருகருகே நிலவுகின்றன.

ஓட்டக் களிப்பு

நெடுநேரம் ஓடிய சிலருக்கு வலியும் களைப்பும் திடீரென விலகி, ஒருவகை மகிழ்ச்சியும் அமைதியும் தோன்றும். இதுவே ஓட்டக் களிப்பு எனப்படுகிறது. எல்லா ஓட்டக்காரர்களும் இதனை உணர்வதில்லை. உணர்பவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் இது வாய்ப்பதில்லை.

உடல் தானே சுரக்கும் அபினிப் பொருள்கள் 1970களின் நடுப்பகுதியில் கண்டறியப்பட்டன. எண்டார்பின் எனும் பெயர் விரைவில் மக்கள் வழக்கில் பரவ, ஓட்டக் களிப்புக்கு அதுவே காரணம் என்ற கருத்தும் உடன் பரவியது. ஓடும்போது குருதியில் எண்டார்பின் அளவு கூடுவது உண்மை. ஆயினும் அது பெரிய மூலக்கூறு. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை எளிதில் கடப்பதில்லை. எனவே குருதியில் கூடிய அளவைக் கொண்டு மூளையில் நடப்பதைக் கூற முடியாது. செருமனியில் என்னிங் பூக்கரும் குழுவினரும் 2008 இல் பத்து விளையாட்டு வீரர்களை இரண்டு மணி நேரம் ஓடச் செய்து அவர்களின் மூளையைக் கதிரியக்கப் படமுறையால் ஆராய்ந்தனர். உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளில் அபினி ஏற்பிகள் ஓட்டத்தின்பின் கூடுதலாக நிரம்பியிருந்ததாக அவர்கள் அறிவித்தனர்.

பின்வந்த ஆய்வுகள் வேறொரு பொருளைச் சுட்டுகின்றன. மூளையில் இயற்கையாக உருவாகி, கஞ்சாவின் ஏற்பிகளோடு இணையும் பொருள் ஒன்று 1992 இல் கண்டறியப்பட்டது. அதற்கு ஆனந்தமைடு எனப் பெயரிடப்பட்டது. தமிழிலும் வழங்கும் ஆனந்தம் என்னும் வடசொல்லிலிருந்தே அப்பெயர் ஆக்கப்பட்டது. இது கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறு ஆதலால் மூளைக்குள் எளிதில் செல்லும். மிதமான வேக ஓட்டத்துக்குப் பின் குருதியில் இதன் அளவு கூடுவது 2003 இல் காட்டப்பட்டது. செருமனியில் 2015 இல் எலிகளிடமும் 2021 இல் மனிதர்களிடமும் சோதனைகள் நடத்தப்பட்டன. இரண்டாவது சோதனையில் 63 பேருக்கு, அபினி ஏற்பிகளை அடைக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தோ மருந்துப்போலியோ கொடுத்து 45 நிமிடம் ஓடச் செய்தனர். அபினி வழி அடைக்கப்பட்டிருந்தும் களிப்பு தோன்றியது, பதற்றமும் குறைந்தது. ஆகவே எண்டார்பினே முழுக் காரணம் என்னும் பரவலான கூற்று இன்று ஏற்கத்தக்கதன்று.

ஒரு நாள் ஓட்டத்தின் களிப்பும் உளச்சோர்வு நோயிலிருந்து மீள்வதும் வெவ்வேறானவை என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். முன்னது சில மணி நேரத்தில் மறையும். பின்னது பல வாரங்களில் நிகழ்வது. சீரான உறக்கம், பகல் வெளிச்சம், பிறரோடு பழகுதல், "என்னால் ஒன்றைச் செய்ய முடிந்தது" என்னும் உணர்வு முதலிய பலவும் அதில் பங்கு கொள்கின்றன. இவற்றுள் எது எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம்.

உளச்சோர்வு சிகிச்சையில் ஓட்டம்

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சேம்சு புளூமெந்தால் தலைமையில் நடந்த ஆய்வு 1999 இல் வெளியானது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன, கடும் உளச்சோர்வு கொண்ட 156 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு வாரம் மூன்று முறை விரைநடையோ மெல்லோட்டமோ மேற்கொண்டது. இன்னொரு குழுவுக்குச் செர்ட்ராலின் மருந்து தரப்பட்டது. மூன்றாம் குழு இரண்டையும் பெற்றது. 16 வாரங்களின் முடிவில் மூன்று குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மருந்து தொடக்கத்தில் விரைவாகப் பலன் தந்தது. பத்தாம் மாதத்தில் மீண்டும் பார்த்தபோது, குணமடைந்தோருள் நோய் திரும்பியவர் மருந்துக் குழுவில் 38 விழுக்காடாகவும் உடற்பயிற்சிக் குழுவில் 8 விழுக்காடாகவும் இருந்தனர்.

இம்முடிவு நாளிதழ்களில் மிகைப்படுத்தப்பட்டது. முதல் ஆய்வில் மருந்துப்போலிக் குழு எதுவும் இல்லை. அக்குறையை நீக்கி, 202 பேரைக் கொண்டு அதே குழுவினர் நடத்திய ஆய்வு 2007 இல் வெளியானது. அதில் பயிற்சியாளர் மேற்பார்வையில் உடற்பயிற்சி செய்தோரில் 45 விழுக்காட்டினரும், வீட்டில் தாமே செய்தோரில் 40 விழுக்காட்டினரும், மருந்து உட்கொண்டோரில் 47 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். மருந்துப்போலி உட்கொண்டோரில் 31 விழுக்காட்டினரும் குணமடைந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. காலம் செல்லச் செல்லத் தானே குறைவதும், கவனிக்கப்படுவதால் ஏற்படும் ஆறுதலும் இந்நோயில் சிறு பங்கு உடையன அல்ல.

நெதர்லாந்தின் ஆம்சுடர்டாம் நகரில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு வேறொன்றைத் தெளிவாக்கியது. உளச்சோர்வோ பதற்றக் கோளாறோ கொண்ட 141 பேரில் பெரும்பாலோருக்குத் தமது சிகிச்சையைத் தாமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்புத் தரப்பட்டது. 96 பேர் ஓட்டத்திலும் 45 பேர் மருந்திலும் சேர்ந்தனர். 16 வாரங்களுக்குப் பின் குணமடைந்தோர் விழுக்காடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே: மருந்தில் 44.8, ஓட்டத்தில் 43.3. உடல் எடை, குருதி அழுத்தம் ஆகியவற்றில் ஓட்டக் குழுவினர் மேம்பட்டனர். ஆனால் மருந்துக் குழுவில் 82 விழுக்காட்டினர் சிகிச்சையை முறையாகப் பின்பற்ற, ஓட்டக் குழுவில் 52 விழுக்காட்டினரே பின்பற்றினர். விருப்பத்தோடு தேர்ந்தெடுத்தவர்களுக்கே இந்நிலை. படுக்கையிலிருந்து எழுவதையே மலையாக்கும் நோய் ஒன்றுக்கு ஓடுவதை மருந்தாகத் தருவதில் உள்ள இடர் இதுவே ஆகும். "போய் ஓடு, சரியாகிவிடும்" என்று உறவினர் கூறும் அறிவுரை பெரும்பாலும் பயன் தராததற்கும் இதுவே காரணம்.

218 ஆய்வுகளையும் 14,170 பங்கேற்பாளர்களையும் தொகுத்து 2024 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான மீளாய்வு, நடை அல்லது மெல்லோட்டம், யோகம், தசைவலுப் பயிற்சி ஆகியவை உளச்சோர்வைக் குறைப்பதாகக் கண்டது. ஓட்டத்துக்கு மட்டும் உரிய தனிச்சிறப்பு எதுவும் அதிலிருந்து பெறப்படவில்லை.

எது காரணம், எது விளைவு

ஓடுபவர்களுக்கு உளச்சோர்வு குறைவு என்பதால் ஓட்டமே அதனைக் குறைத்தது என்று ஆகிவிடாது. சோர்வுற்றவர் ஓடத் தொடங்குவதே இல்லை என்பதும் அதே புள்ளிவிவரத்தைத் தரும். நெதர்லாந்தில் இரட்டையர்களைக் கொண்டு நடந்து 2008 இல் வெளியான ஆய்வில், ஒருகரு இரட்டையருள் கூடுதலாக உடற்பயிற்சி செய்தவருக்கு மற்றவரைவிடப் பதற்றமோ சோர்வோ குறைவாக இருக்கவில்லை. உடற்பயிற்சி நாட்டமும் நல்ல மனநிலையும் பொதுவான மரபணுக் காரணிகளால் வரக்கூடும் என அவ்வாய்வாளர்கள் கருதினர். தாமாக விரும்பிச் செய்யும் பயிற்சிக்கே இம்முடிவு பொருந்தும். சிகிச்சையாகத் தரப்படும் பயிற்சியை அது மறுக்கவில்லை.

சுவீடன் நாட்டின் வாசாலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டி 1922 முதல் நடைபெறுகிறது. சேலன் பகுதியிலிருந்து மூரா நகர் வரை 90 கி.மீ. தொலைவு கொண்டது. 1989 முதல் 2010 வரை இப்போட்டி வரிசையில் பங்கேற்றோரையும், பங்கேற்காத அதே அளவு பொதுமக்களையும், மொத்தம் ஏறத்தாழ 3,95,000 பேரை, மருத்துவப் பதிவேடுகளின் வழியே ஆய்வாளர்கள் தொடர்ந்தனர். பங்கேற்றோரிடம் உளச்சோர்வு ஏறக்குறைய பாதியாகவும், பதற்றக் கோளாறு அதனினும் குறைவாகவும் காணப்பட்டன. இவ்வாய்வில் எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. பெண்களுள் மிக விரைவாகப் போட்டியை முடித்தோருக்குப் பதற்றக் கோளாறு ஏற்படும் வாய்ப்பு, மெதுவாக முடித்த பெண்களைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தது. அப்போதும் அது பொதுமக்களின் அளவைவிடக் குறைவே. விரைவு கூடக் கூட நலமும் கூடும் என்ற எளிய கணக்கு இங்குப் பொய்த்துவிடுகிறது.

மிகைப் பயிற்சி

வில்லியம் மார்கன் விசுகான்சின் பல்கலைக்கழக நீச்சல் வீரர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். 1971 இல் வெளியான மனநிலை வினாப்படிவம் ஒன்றை அவர் பயன்படுத்தினார். அது இறுக்கம், சோர்வு, சினம், ஊக்கம், களைப்பு, குழப்பம் என்னும் ஆறினை அளவிடுவது. நன்னிலையிலுள்ள வீரரிடம் ஊக்கம் மட்டும் சராசரிக்கு மேலும் மற்ற ஐந்தும் சராசரிக்குக் கீழும் இருக்கும். இதன் வரைபடம் நீருக்கு மேல் முனை மட்டும் தெரியும் பனிப்பாறையைப் போன்றிருந்ததால் பனிப்பாறை வரைவு என அழைக்கப்பட்டது.

பருவம் முன்னேறி நாள்தோறும் நீந்தும் தொலைவு கூடியபோது அதே வீரர்களின் வரைவு படிப்படியாகத் தலைகீழானது. தொலைவைக் குறைத்ததும் பெரும்பாலோரின் மனநிலை மீண்டது. சிலரிடம் மட்டும் மீளவில்லை. பல வாரங்கள் ஓய்வெடுத்தும் களைப்பும் உறக்கமின்மையும் எரிச்சலும் நீங்காத அந்நிலை மிகைப் பயிற்சி நோய்க்குறி எனப்படுகிறது. அதன் அறிகுறிகள் உளச்சோர்வின் அறிகுறிகளோடு பெரிதும் ஒத்தவை. திறன் குறைவதைக் கண்ட வீரர் தம் முயற்சி போதவில்லை என எண்ணி மேலும் கடுமையாகப் பயிற்சி செய்வதே இதிலுள்ள பெரும் இடர். மனநிலை மாற்றம் பெரும்பாலும் முன்னரே தெரிவதால், வினாப்படிவத்தைத் தவறாது நிரப்புவது எளிய முன்னெச்சரிக்கையாகக் கருதப்படுகிறது.

பயிற்சி சார்பும் உண்ணல் கோளாறும்

உடற்பயிற்சி செய்வோரை ஒரு மாதம் அதனை நிறுத்தச் செய்து, உறக்கத்தில் நிகழும் மாற்றத்தை அறிய பிரெடரிக் பேக்லண்டு என்பவர் ஓர் ஆய்வைத் திட்டமிட்டார். பணம் தருவதாகக் கூறியும், அன்றாடம் பயிற்சி செய்வோரில் எவரும் அதற்கு உடன்படவில்லை. இறுதியில் வாரம் மூன்று நான்கு நாள் மட்டும் பயிற்சி செய்வோரைக் கொண்டே ஆய்வை நடத்த வேண்டியதாயிற்று. அவர்களுக்கும் உறக்கம் கெட்டுப் பதற்றம் கூடியது. 1970 இல் வெளியான இக்கட்டுரை பயிற்சி சார்பு பற்றிய முதல் ஆய்வாகக் குறிப்பிடப்படுவதுண்டு. ஆய்வின் முடிவைவிட, ஆய்வுக்கு ஆள் கிடைக்காமற்போன செய்தியே பின்னர் அதிகம் பேசப்பட்டது. அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013 இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் பயிற்சி சார்பு தனி நோயாகச் சேர்க்கப்படவில்லை.

கட்டாயத்தின்பேரில் ஓடும் ஆண்களைப் பசியற்ற உளநோய் கொண்ட பெண்களோடு ஒப்பிட்ட கட்டுரை ஒன்று 1983 இல் வெளியாகிக் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஓடுவோர் அனைவரையும் நோயாளிகளாக்குகிறது என்பதே கண்டனம். ஆயினும் உடல் எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை நிலவும் விளையாட்டுகளில் உண்ணல் கோளாறு மிகுதி என்பது பின்னர் உறுதியானது. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாததால் மாதவிடாய் நிற்றல், எலும்பு மெலிதல், மனநிலை பாதிப்பு முதலியன ஏற்படுவதைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 இல் ஒரே நோய்க்குறியாகத் தொகுத்தது. இது ஆண்களையும் தாக்கும் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை மாலி சைடல், 2016 ஒலிம்பிக் தகுதிப் போட்டிகளைக் கைவிட்டு உண்ணல் கோளாற்றுக்குச் சிகிச்சை பெறச் சென்றார். அவருக்கு எண்ணச் சுழற்சி நோயும் இருந்தது. பல்கலைக்கழகப் போட்டிகளில் அவர் தொடர்ந்து வென்று கொண்டிருந்தபோதே நோய் முற்றியிருந்தது. சிகிச்சைக்குப் பின்னர் மாரத்தானுக்கு மாறிய அவர், 2021 ஆகத்து 7 அன்று சப்போரோவில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் வெண்கலப் பதக்கம் வென்றார். அது அவர் ஓடிய மூன்றாவது மாரத்தான் ஆகும்.

கிரேயம் ஓபிரீ

இசுக்காட்லாந்தின் மிதிவண்டி வீரர் கிரேயம் ஓபிரீ இத்தொடர்பின் இரு முகங்களையும் காட்டுபவர். சலவை இயந்திரத்தின் உருளைத்தாங்கியைக் கூடப் பயன்படுத்தித் தாமே வடிவமைத்த மிதிவண்டியில் அவர் ஒரு மணி நேரச் சாதனைக்கு முயன்றார். 1993 சூலை 16 அன்று நோர்வேயின் ஆமார் நகரில் நடந்த முதல் முயற்சி தோல்வியுற்றது. பொதுவாக இம்முயற்சிக்குப் பின் வீரர்கள் பல நாள் ஓய்வெடுப்பர். ஓபிரீயோ மறுநாள் காலையே மீண்டும் ஏறி 51.596 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தார். இரவில் தசைகள் இறுகாமல் இருக்க, மிகுதியாக நீர் குடித்து அடிக்கடி விழித்தெழுந்து உடலை நீட்டிக்கொண்டாராம். ஆறு நாட்களில் கிறிசு போர்டுமன் அச்சாதனையை முறியடித்தார். 1994 ஏப்பிரலில் ஓபிரீ அதனை மீட்டார்.

ஓபிரீக்கு இருமுனையப் பிறழ்வு இருந்தது. இளமையிலேயே தற்கொலைக்கு முயன்றவர் அவர். 2001 இல் மற்றொரு முயற்சியிலிருந்தும் காப்பாற்றப்பட்டார். சிறுவயதில் பிறரால் துன்புறுத்தப்பட்ட அவருக்கு மிதிவண்டி புகலிடமாக இருந்தது. தாம் மதிப்பற்றவர் என்ற எண்ணத்திலிருந்து தப்பவே வெற்றிகளைத் தேடியதாக அவர் பின்னர் விளக்கினார். அவரது வாழ்க்கை வரலாற்று நூல் 2003 இல் வெளிவந்து, 2006 இல் திரைப்படமாகவும் ஆனது. மறுநாள் காலை மீண்டும் ஏறவைத்த அதே மனவேகத்தை விளையாட்டு உலகம் மனவலிமை எனப் புகழ்ந்தது. அதன் பின்னிருந்த துயரத்தைக் கேட்பார் அப்போது பெரிதாக இல்லை.

போட்டிக்குப் பின் வரும் வெறுமை

பல ஆண்டுகள் ஒரே இலக்குக்காகப் பயிற்சி செய்து, அது நிறைவேறிய பின்னர் உளச்சோர்வு தாக்குவது பரவலாகப் பதிவாகியுள்ளது. 2016 இரியோ ஒலிம்பிக்கில் கிரேக்க நாட்டின் சார்பில் 10,000 மீட்டர் ஓடித் தேசியச் சாதனை படைத்த அலெக்சி பாப்பாசு, அதன்பின் கடும் உளச்சோர்வுக்கு ஆளானார். மூளையும் காலைப் போல் அடிபடக்கூடிய, காலைப் போல் ஆறக்கூடிய உறுப்பே என மருத்துவர் விளக்கியது தமக்கு உதவியதாக அவர் கூறியுள்ளார். காயத்தால் ஓட இயலாமற்போவோரிடமும் இவ்வெறுமை காணப்படுகிறது. "நான் யார்" என்பதற்கு "ஓட்டக்காரர்" என்பதைத் தவிர வேறு விடை இல்லாதவர்களே இதில் அதிகம் பாதிக்கப்படுகின்றனர்.

இழப்பும் ஓட்டமும்

பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பௌஜா சிங், மனைவியையும் பின்னர் 1994 இல் விபத்தில் மகனையும் இழந்தவர். துயரிலிருந்து மீளவே முதுமையில் ஓட்டத்தில் முழுமையாக இறங்கினார். 2000 ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தானில், தம் 89 ஆம் வயதில், 6 மணி 54 நிமிடங்களில் ஓடி முடித்தார். 2011 இல் தொராண்டோவில் நூறு வயதில் மாரத்தானை முடித்தார் எனக் கூறப்பட்டாலும், பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னசு நிறுவனம் அதனை ஏற்கவில்லை. 2025 சூலையில் பஞ்சாபில் சாலை விபத்தில் காலமானார். அவரது கதை பலரை ஓட வைத்துள்ளது. ஆனால் ஒருவரின் வாழ்க்கை சிகிச்சைக்குச் சான்றாகாது. அவருக்குப் பயிற்சியாளரும் உடன் ஓடும் நண்பர்களும் இருந்தனர் என்பதையும் கருத வேண்டும்.

கூட்டாக ஓடுவதன் பயனை இங்கிலாந்தின் பார்க்ரன் இயக்கத்திலும் காணலாம். காயத்தால் ஓட இயலாதிருந்த பால் சின்டன்-கியூவிட், நண்பர்களைச் சந்திக்கும் பொருட்டு 2004 அக்டோபரில் இலண்டனின் புசி பூங்காவில் 13 பேருடன் 5 கி.மீ. ஓட்டத்தைத் தொடங்கி வைத்தார். கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம். 2018 முதல் அந்நாட்டுப் பொது மருத்துவர்கள் நோயாளிகளை இதற்குப் பரிந்துரைக்கும் திட்டம் செயற்படுகிறது.

நடைமுறை

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பையோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடும் உழைப்பையோ பரிந்துரைக்கிறது. மாரத்தான் பயிற்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடு ஓட்டமே இதனைத் தாண்டிவிடும். மேற்கூறிய சிகிச்சை ஆய்வுகள் எதிலும் மாரத்தான் அளவுப் பயிற்சி தரப்படவில்லை. வாரம் இரண்டு மூன்று முறை, முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வரையே தரப்பட்டது.

உளச்சோர்வுக்கு மருந்து உட்கொள்பவர் ஓட்டத்தால் நலம் கண்டதும் தாமாக மருந்தை நிறுத்துவது ஆபத்தானது. இலித்தியம் உட்கொள்வோர் வெயிலில் நெடுநேரம் ஓடி நீரிழப்புக்கு உள்ளானால் குருதியில் அம்மருந்தின் அளவு நச்சு நிலைக்கு உயரக்கூடும். ஆதலால் அவர்கள் நெடுந்தொலைவுப் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு உடற்பயிற்சி மட்டும் போதாது. உடனடி மருத்துவ உதவி தேவை. பயிற்சி சார்பும் உண்ணல் கோளாறும் உள்ளவருக்குச் சிகிச்சையின் முதற்படி பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைப்பதோ சில காலம் நிறுத்துவதோ ஆகும். பலர் சிகிச்சையைக் கைவிடுவதும் இந்தப் படியில்தான்.